நாற்பது நிமிட வியன்னா

ஊர்ப் பொதுச் சாராயக் கொப்பரையில் கிரோஸ்தான் தன் முறையைக் கோட்டை விட்டார். எல்லாம் ஒரு மணி நேரத்தால் வந்த வினை.

பிளம் பழம் பறித்து ஊறல் போட்டது அவர். மாதம் முழுக்கப் பீப்பாயைக் கிளறி மோந்து பார்த்தது அவர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் காய்ச்சலாம் என்று உலைக்காரர் மெத்தோதியிடம் முறை வாங்கியதும் அவரே. தவறினால் கிறிஸ்துமசுக்கு அப்புறம்தான். அதற்குள் ஊறல் காடியாகிவிடும். பிளம் சாராயமான ராக்கியா இல்லாத குளிர்காலத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது.

அதே ஊரில் இருக்கும் மாமியார் ஸ்தோயான்கா, "ஒத்தாசைக்கு வரட்டுமா மாப்பிள்ளை?" என்றாள்.

"வேணாம் அத்தை. உங்க நிழல் பட்டாலே ஊறல் திரிஞ்சிடும்."

இந்த நேரம் பார்த்து மனைவி ருமியானா ஆரம்பித்தாள்.

"பேத்தி பிறந்து ஆறு மாசம் ஆச்சுய்யா. சனிக்கிழமை வியன்னாவுல பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம்."

"பைத்தியமாடி உனக்கு? ஆயிரம் கிலோமீட்டர். நான் சோபியாவுல முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்."

ருமியானா போனில் டிக்கெட்டைக் காட்டினாள். புறப்பாடு ஏழு மணி. சேர்வது ஏழு நாற்பது.

"நாப்பது நிமிஷமா? எங்க பஸ் டிப்போ தாண்டவே அவ்வளவு ஆகுமே."

"ஏரோப்ளேன்யா."

"திரும்புறது?"

"ரெண்டு மணிக்கு."

"அப்ப ரெண்டே முக்காலுக்கு சோபியா. நாலு மணிக்குக் கொப்பரை."

"போன வழியிலதானே வரணும்" என்றாள் அவள். பொய்யில்லை.

வியன்னாவில் இறங்கியபோது அவர் கைக்கடிகாரம் எட்டு நாற்பது காட்டியது. சுவர்க் கடிகாரம் ஏழு நாற்பது.

"இந்த வாட்ச் தறிகெட்டு ஓடுதுடி."

"திருப்பி வெச்சுக்கய்யா."

வைத்துக்கொண்டார். பேத்தி அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். கிளம்ப மனசே வரவில்லை. மகள்தான் தள்ளிவிட்டாள்.

சோபியாவில் இறங்கினால் சுவரில் நாலு நாற்பது.

"இங்கயும் கடிகாரம் கெட்டுப்போச்சா?"

"எல்லாம் சரியாத்தான் ஓடுது. பறக்கிறதுக்கே ஒரு மணி நாப்பது நிமிஷம். வியன்னா நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னால. போறப்ப அந்த ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சுது. வர்றப்ப பிடுங்கிட்டாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா?"

கிரோஸ்தான் யோசித்தார். வந்திருக்க மாட்டார். மீசை இன்னும் வலித்தது. இனிமையாகத்தான் வலித்தது.

காரை விரட்டினார். ஊர் போய்ச் சேர ஆறேகால். கொப்பரைக் கொட்டகையில் புகை. யாரோ காய்ச்சுகிறார்கள். தன் பீப்பாயைத் தேடினார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"என் ஊறல் எங்கய்யா?" என்றார் மெத்தோதியிடம்.

மெத்தோதி ஒரு சின்னக் கிளாசை நீட்டினார். கிரோஸ்தான் குடித்தார். கண்ணை மூடினார். பதினைந்து வருஷமாக அவர் கைக்கு வராத பதம்.

"இன்னொண்ணு" என்றார்.

"அம்மாகிட்ட நேத்தே சொல்லி வெச்சேன்" என்றாள் ருமியானா.

கேனில் காய்ச்சியவர் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பது மெத்தோதியின் வழக்கம். அந்தக் குளிர்காலம் முழுக்க கிரோஸ்தான் வீட்டுக் கேனில் இருந்த பெயர், ஸ்தோயான்கா.