குடைக் கம்பெனி மழைக்கோட்டுக்குத் தயாரான விதம்

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நான், நம் குடைக் கம்பெனி, அதன் ஒழுகும் கூரை அனைவரும் நலம். தங்கள் முழங்காலின் நலமறிய ஆவல்.

ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. இனிமேல் குடை விற்காது, மழைக்கோட்டுக்கு மாறுகிறோம், நான் திரும்புவதற்குள் எல்லோரையும் தயார் செய், மாறத் தயாரில்லாதவருக்கு இங்கே இடமில்லை என்றீர்கள். கம்பி வளைக்கும் நம் முன்கோபி, மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தியதற்கே என்னோடு பேச்சை நிறுத்தியவர். அவரிடம் போய், கம்பியே இனி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? அவர் போனால் வீட்டில் ஒருத்தர் போன மாதிரிதானே?

அதனால் முதலில் மாற்றம் பழகட்டும் என்று ஆளுக்கு ஆள் வேலையை மாற்றிவிட்டேன். முன்கோபி தையலுக்கு, தையல்காரம்மா கணக்குக்கு, கணக்கர் வாசல் காவலுக்கு, காவலாளி கம்பி வளைக்க. முதல் நாள் கூத்தை ஏன் கேட்கிறீர்கள்! கணக்கர் நம்ம சொந்த லாரியையே ரசீது கேட்டு வாசல்ல நிறுத்திட்டார், காவலாளி செஞ்ச குடை விரிச்சா மூடலை, மூடினா விரியலை. ஆனா முன்கோபி, மாதிரிக்கு ஒரு மழைக்கோட்டைக் காலரெல்லாம் வச்சு தைச்சு, தானே போட்டுப் பார்த்துட்டு, "இத்தனை வருஷம் என்னைக் கம்பியில கட்டிப் போட்டுட்டியேப்பா"ன்னு சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிடுச்சு.

உங்க நாற்காலி சும்மாதானே கிடக்குன்னு பேக்கிங் அக்காவை அதில் உட்கார வச்சேன். அவங்க உட்கார்ந்த கையோட போனை எடுத்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் மழைக்கோட்டு ஆர்டர் பிடிச்சுட்டாங்க. அவங்க மேசையில இப்போதைக்கு நான்தான். ஒட்டுற டேப்பில் பாதி என் விரலோட போகுது. பரவாயில்லை, ஒருத்தரும் வேலையை விட்டுப் போகலை. நிம்மதியா தூங்குறேன் அண்ணே.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். முழங்காலை அவசரப்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: எல்லாரும் மாறிட்டாங்க. ஆனா பழைய வேலைக்குத் திரும்ப ஒருத்தரும் தயாரில்லை, அக்கா உட்பட. நான் எழுந்துட்டா காலியாகிறது பேக்கிங் மேசை மட்டும்தான். "உங்க அண்ணன் மாறத் தயாரா?"ன்னு அக்கா கேட்டு எழுதச் சொன்னாங்க. உட்கார்ந்தே செய்யற வேலைதான், முழங்காலுக்கும் நல்லது.