அடைமழையில் தண்ணீர்ப் பந்தல்

தேர்தல் வந்தால் முளைத்து, முடிவு வந்ததும் வெள்ளை வேட்டியோடு மறைந்துவிடும் உயிரினம் ஒன்று உண்டு. வார்டு செயலாளர் என்று பெயர். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் தாண்டவராயன்.

போன சித்திரையில் கட்சித் தலைமை திடீரென்று விழித்துக்கொண்டது. வருடம் முழுக்க மக்களோடு மக்களாக இருக்க வேண்டும், தினம் ஒரு படம் அனுப்ப வேண்டும், தவறினால் பதவி பறிபோகும் என்று உத்தரவு. பாவம், தாண்டவராயனுக்குத் தெரிந்த மக்கள் பணி மூன்றே மூன்று: கொடியேற்றுவது, பொன்னாடை போர்த்துவது, தண்ணீர்ப் பந்தல் திறப்பது. முதல் இரண்டிலும் மக்கள் தேவைப்படவில்லை. ஆகவே பந்தல்.

திறந்தார். கத்திரி வெயில் போனது, பந்தல் போகவில்லை. ஆடிக் காற்று அதைத் தூக்கி எதிர்வீட்டு மாடியில் போட்டது. இறக்கி வந்து, கம்பங்களைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கி, அசையாமல் நிறுத்தினார். மூட்டைகள் உட்கார்ந்த இடம் மழைநீர்க் கால்வாயின் வாய். யார் கவனித்தார்கள்?

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில் குடையோடு நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோர் நீட்டினார் மனிதர். தும்மிக்கொண்டே வாங்கிக் குடித்தவர்களும் இருக்கிறார்கள். இலவசம் என்றால் நமக்குச் சளி பெரிதா?

பேருந்து நிலையத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கும் எங்கள் தெருச் சவுரியம்மாள் ஓடிவந்தார்.

"அண்ணே, ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துக்கினு இருக்குது. நாலு மூட்டை மல்லாட்டை நனையுது. உங்க மணல் மூட்டைதான் கால்வாய அடைச்சிக்கினு நிக்குது. ஜல்தி எடுங்கண்ணே!"

"இரும்மா, மொதல்ல மோர் குடி. இன்னிக்கு ஃபோட்டோ இன்னும் அனுப்பல."

"தண்ணியில நிக்கிறவளுக்கு எதுக்குண்ணே தண்ணிப் பந்தலு?"

"வருஷம் பூராவும்னு தலைமை சொல்லிக்கீது. மழைக்கு லீவுன்னு சொல்லலியேம்மா. பந்தல பிரிச்சா என் பதவி பேஜாரு ஆயிடும்!"

சவுரியம்மாள் மோரை வாங்கினார். குடிக்கவில்லை, கீழே கொட்டினார். பிறகு வீட்டிலிருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டுப் பெண்களோடு மூட்டைகளைப் புரட்டித் தள்ளினார். பந்தல் சாய்ந்தது, வெள்ளம் கடகடவென்று கால்வாயில் இறங்கியது. ஆனால் நாலில் இரண்டு மூட்டை மல்லாட்டைதான் தப்பியது. நனைந்ததை அவர் அள்ளி அள்ளிப் பார்த்தார்.

தாண்டவராயனோ அந்த மண்வெட்டியை இரவல் வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, கால்வாய் ஓரம் நின்று படம் பிடித்துக்கொண்டார். தலைமை பாராட்டியது. 'வெள்ளம் விரட்டிய வேங்கை' என்று தெருமுனையில் பேனர் வேறு. பதவி தப்பியது.

சிரிக்கிறீர்களா? அரசியலே உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் மூட்டை புரட்டியபோது எதிர்மாடியில் நனையாமல் நின்று, அதைப் படமெடுத்து, 'இந்த நாடு உருப்படாது' என்று ஊருக்கெல்லாம் அனுப்பினீர்களே, எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று இன்னமும் எடுத்தெடுத்துப் பார்க்கிறீர்களே! உங்கள் வார்டில் பதவி காலியானால் தயங்காமல் கேளுங்கள். மண்வெட்டியை அந்தப் பெண்களே இரவல் தருவார்கள்.