தொள்ளாயிரத்துக்குள் ஒரு வீடு

"நீங்க எவ்வளவு வரைக்கும் போவீங்க?" என்று முன்னால் நின்ற தாடிக்காரன் கேட்டான்.

"தொள்ளாயிரம்," என்றாள் இம்கே.

"வெறும் வாடகையா, ஹீட்டரோடயா?"

"ஹீட்டர், தண்ணி, குப்பை, படிக்கட்டு பெருக்கறது, எல்லாம் சேர்த்து."

தாடிக்காரன் இம்கேக்குக் கீழ்ப்படியில் நின்ற பெண்ணிடம் திரும்பினான். "இவங்க மியூனிக்ல தொள்ளாயிரம் யூரோவுக்கு வீடு பாக்கறாங்களாம்." அவள் அடுத்த படிக்குச் சொன்னாள். செய்தி தரைத்தளம் வரை இறங்கியது. சிரிப்பு மட்டும் மேலே ஏறி வந்தது.

மூன்றாம் மாடியில் இருந்த ஓரறை வீட்டுக்காக முப்பது பேருக்குக் குறையாமல் படிகளில் நின்றார்கள். ஆளுக்கொரு கோப்பு. அதில் சம்பளச் சீட்டு, கடன் பாக்கி இல்லை என்ற அத்தாட்சி, பழைய வீட்டுக்காரர் கொடுத்த நற்சான்று. சிலர் பல் தெரியச் சிரிக்கும் புகைப்படத்தையும் இணைத்திருந்தார்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்போல.

இம்கே சிரிக்கவில்லை. அவள் எம்டன்காரி. வடக்கே, கடலோரம். அங்கே அண்ணன் ஹின்ரிக்கின் மீன்கடையில் இத்தனை வருடமாகக் கல்லாவில் இருந்தவள். கூட்டம் அதிகமானால் கல்லாவை விட்டு எழுந்து மீனும் கழுவியவள். முப்பத்தெட்டு வயதில், மியூனிக்கில் ஒரு காப்பீட்டு நிறுவனம், கப்பலில் சேதமான சரக்குக்கு இழப்பீடு கணக்கிடும் பிரிவில் அவளுக்கு வேலை கொடுத்தது. நேர்காணல் கணினித் திரையிலேயே முடிந்தது. ஒப்பந்தத்தின் தலைப்பில் மியூனிக் முகவரியைப் பார்த்த அன்றே எம்டன் வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. அந்த ஊரில் அது வழக்கம்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடித்துவிடலாம்.

"அந்த ஊர் வாடகைக்கு உன் சம்பளம் பத்தாது," என்றான் கடைசியில். "மூணு மாசத்துல திரும்பி வந்து ஏப்ரன் கட்டப் போற. ஆணியிலயே மாட்டி வெக்கறேன்."

"தூக்கிப் போட்டுடு அண்ணா."

"இருக்கட்டும். நல்ல ஏப்ரன்."

ஆணியில் தொங்கும் அந்த ஏப்ரன்தான் அவளை இந்தப் படிக்கட்டு வரை துரத்தி வந்திருந்தது. சம்பளத்தில் வாடகைக்குத் தொள்ளாயிரம். மீதியில் சாப்பாடு, மின்சாரம், இணையம், ரயில். தேயிலையில் மட்டும் அவள் கை வைப்பதாக இல்லை. இந்தக் கணக்கு உடைந்தால் அண்ணனிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஏப்ரன்.

வீட்டுக்காரர் ஆய்க்னர் சமையல் மேடைமேல் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "வெறும் வாடகை எழுநூத்தி எண்பது. மத்ததெல்லாம் சேர்ந்து நூத்தி அறுபது. மொத்தம் தொள்ளாயிரத்து நாப்பது. வரிசையா வாங்க, தள்ளாதீங்க."

நாற்பது யூரோ இடித்தது. இம்கே அந்த நாற்பதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"சார், அந்த நூத்தி அறுபதுல என்னென்ன வருது?"

"என்னம்மா கேக்கற? ஹீட்டர், தண்ணி, குப்பை, படிக்கட்டு விளக்கு, பனி அள்ளறது..."

"பனி அள்ள ஆள் இருக்கா?"

"ஒருத்தன் வர்றான். பனி பெய்யாத அன்னிக்கு ஒழுங்கா வர்றான்."

"நான் அள்றேன் சார். வாசல், நடைபாதை, குப்பைத்தொட்டி வரைக்கும். எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. நாப்பது யூரோ குறைச்சுக்கோங்க."

வரிசையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"இது அநியாயம்," என்றான் தாடிக்காரன். "இவங்க ரேட்டைக் கெடுக்கறாங்க சார்!"

"நீயும் அள்றியா?" என்று ஆய்க்னர் கேட்டார். தாடிக்காரன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

"உங்க ஊர்ல பனி உண்டாம்மா?"

"காத்து உண்டு சார். பனி வந்தாலும் எங்க ஊர்ல நிக்காது."

ஆய்க்னர் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஒரே ஒரு கண்டிஷன். வர்றவங்க எல்லாம் ஒரு வருஷத்துல ஓடிர்றாங்க. ரெண்டு வருஷத்துக்குக் காலி பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போடணும்."

"ரெண்டு என்ன சார், நாலாப் போடுங்க."

"சட்டமே நாலுக்கு மேல விடாதும்மா."

"அப்போ நாலு."

அவள் மனம் மாறுவதற்குள் ஆய்க்னர் நாலு என்று எழுதினார்.

படிகளில் நின்றவர்கள் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்கள். வீட்டில் மிஞ்சியவன் கோர்பீனியன், காலி செய்யப் போகும் வாடகைக்காரன். காதலியின் வீட்டுக்குக் குடிபோகிறான்.

"அப்போ சமையலறைக்கு மூவாயிரத்து எண்ணூறு," என்றான்.

"எந்தச் சமையலறைக்கு?"

"நீங்க சாஞ்சுக்கிட்டு நிக்கறீங்களே, அதுக்கு."

இம்கே நகர்ந்து நின்றாள். அந்த நாட்டில் சமையலறை அலமாரி, அடுப்பு, தொட்டி எல்லாம் குடியிருப்பவன் சொத்து. போகும்போது கழற்றிக்கொண்டு போவான், அல்லது வருகிறவன் தலையில் கட்டுவான். அவளுக்குத் தெரியாததல்ல. எம்டனிலிருந்து தன்னுடையதை இவ்வளவு தூரம் ஏற்றி வந்தால் கட்டுப்படியாகாது என்று, அடுத்து வந்த இளம் தம்பதிக்கு அதைச் சும்மாவே விட்டுவிட்டு வந்திருந்தாள். இங்கேயும் யாராவது அப்படி இருப்பார்கள் என்று நினைத்தது அவள் தப்பு.

"வேணாம். எடுத்துக்கிட்டுப் போங்க."

"தொட்டியும் போயிரும்."

"போகட்டும்."

"பாத்திரம் எங்க கழுவுவீங்க?"

"அது என் பாடு."

கோர்பீனியன் சொன்னபடி செய்தான். இம்கே குடிவந்த அன்று சமையலறைச் சுவரில் இரண்டு குழாய்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மின்விளக்குகளையும் கழற்றியிருந்தான். அவள் குளியலறையில் கோப்பையைக் கழுவி, மெத்தைமேல் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மூவாயிரத்து எண்ணூறு மிச்சம் என்று நினைத்தபோது இருட்டுகூட நன்றாகத்தான் இருந்தது.

இரண்டே நாளில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பக்கத்து ஊரான ஃப்ரைசிங்கில் ஒரு சமையலறை, இலவசம், நீங்களே கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும்.

வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு கிழவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "ஏய், சும்மா குடுத்தாக்கூட யாரும் எடுக்க மாட்டாங்கன்னு சொன்னியே, பாரு, ஒரு பொண்ணு வந்திருக்கு!"

யாரும் ஏன் எடுக்கவில்லை என்று அவள் யோசித்திருக்கலாம். பகல் முழுவதும் திருகாணிகளைக் கழற்றினாள். கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அது இல்லம்மா, பக்கத்துல இருக்கறது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரைக் கூலிக்குப் பிடித்து மூன்று மாடி ஏற்றினாள். ஏற்றி முடிப்பதற்குள், நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டி நின்றதற்கு அபராதச் சீட்டு வந்துவிட்டது.

பண்ணை வீட்டுக்குச் செய்த பெரிய சமையலறை அது. அடுப்பை வைத்தால் கதவு திறக்கவில்லை. கதவைத் திறந்தால் அடுப்பு உள்ளே வரவில்லை.

அலமாரியைச் சிறிதாக்க ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்தாள். ஞாயிறன்று சத்தம் போடக் கூடாது என்பது அங்கே சட்டம்; கைரம்பம்தானே, யாருக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்தாள். நாலு இழுப்புக்குள் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"தெரியுதுல்ல? தெரிஞ்சும் அறுக்கறியே! உங்க ஊர்ல ஞாயித்துக்கிழமையே கிடையாதா?"

இம்கே மன்னிப்புக் கேட்டு ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தாள். கை வைப்பதில்லை என்றிருந்த தேயிலை. அந்த அம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் காபிதான் குடிப்பேன்," என்று சொல்லி, பொட்டலத்தோடு இறங்கிப் போனாள்.

மறுநாள் அலமாரியை ஒட்டிவைத்துப் பார்த்தபோது, வலப்பக்கம் அறுக்க வேண்டியதை இடப்பக்கம் அறுத்திருந்தது தெரிந்தது. இலவசச் சமையலறையை ஒழித்துக்கட்ட ஆள் கூலியோடு இருநூற்றைம்பது யூரோ ஆனது. காலி அறையில் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு கோர்பீனியனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இப்போ நாலாயிரத்து இருநூறு," என்றான் அவன்.

"நானூறு எதுக்கு ஏறிச்சு?"

"கழட்டினது நூறு. திரும்ப மாட்டறது நூறு. மாடி ஏத்தறது நூறு."

"மீதி நூறு?"

"'எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னு ஒரு தோரணையில சொன்னீங்களே, அதுக்கு."

முன்பணம் மூன்று மாத வாடகை போய்விட்டது. சேமிப்பில் அடி தெரிந்தது. கடன் கேட்கக் கூடாது. ஆனால் விற்கலாம். விற்பது கேட்பதாகாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"என் கார் வேணுமா? ஆறாயிரம் பெறும்."

கடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலரை," என்றான் ஹின்ரிக்.

"ஏன்?"

"மீன் வாடை அடிக்குது."

"அந்த வாடையே உன் கடைச் சரக்கு ஏத்தித்தானே வந்துச்சு!"

"யாரு ஏத்தினதுன்னா கேட்டேன்? அடிக்குதுன்னேன்."

இம்கே சமையலறைக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். "சரி, நாலரை."

"ஏப்ரன் துவைச்சு வெச்சிருக்கேன்," என்றான்.

காரை எம்டனுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அண்ணன் பணத்தை எண்ணிக் கொடுத்தான்; பிறகு கேட்காமலே ஒரு பொதி புகைபோட்ட விலாங்கு மீனும் கொடுத்தான். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அவளுடைய பழைய வீடு. ஜன்னலில் புதுத் திரை. உள்ளே அவளுடைய அடுப்பில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மியூனிக் திரும்பியதும் சிக்கனத்தில் இறங்கிவிட்டாள். கார் இல்லை, ஆகவே அதன் காப்பீடும் வரியும் இல்லை. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில். தலைமுடி அவளே வெட்டிக்கொண்டாள். பின்பக்கம் அவளுக்குத் தெரியாது, ஆகவே வருத்தமும் இல்லை. காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கினாள். வீட்டுச் சூட்டைப் பதினெட்டில் நிறுத்தி, இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். கோர்பீனியன் சமையலறையை மாட்டிவிட்டு, "விளக்கு தனி," என்றபோது, "இருட்டுல நல்லாவே சமைப்பேன்," என்று கதவைச் சாத்தினாள். மாதக் கடைசியில் பதினோரு யூரோ மிஞ்சும் என்று வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் மிஞ்சியது.

வேலையில் சேரும் நாள் விடிவதற்கு முன்பே பனி கொட்டியிருந்தது. இம்கே மண்வாரியோடு இறங்கினாள். வாசல், நடைபாதை, குப்பைத்தொட்டி வரை. கீழ்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"நீ ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வேலை செய்வேன்னு நினைச்சேன்."

"இன்னிக்குத் திங்கள். எவ்வளவு சத்தம் வேணாலும் போடலாம்."

"போடு, போடு. அந்தத் தேயிலை இன்னும் இருக்கா?"

முதுகு வலித்தது, கை மரத்திருந்தது. ஆனாலும் சுத்தமான நடைபாதையில் முதல் ஆளாகக் கால் வைத்து நடந்தபோது, இந்த ஊரில் தனக்கென்று ஒரு இடத்தைத் தானே வெட்டி எடுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. நாலு வருடத்துக்கு யாரும் அசைக்க முடியாத இடம். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்: "ஏப்ரனை வித்துடு."

அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஆட்கள் கும்பல் கும்பலாக நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய நிறுவனம், இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பணியாளர் பிரிவில் ஒரு இளம்பெண் அடையாள அட்டைக்கு விவரம் கேட்டாள். பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு.

"முகவரி பழையதுதானே மேடம்? எம்டன்?"

"இல்ல. மாறிட்டேன்." இம்கே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மியூனிக். தொள்ளாயிரம் யூரோ, எல்லாம் சேர்த்து."

அந்தப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றுவிட்டன.

"ஐயோ, எதுக்கு மேடம் மாறினீங்க? இந்த ஊர் வாடகை கட்டுப்படியாகலைன்னு இந்தப் பிரிவையே அடுத்த மாசம் எம்டனுக்குக் கொண்டுபோறாங்க, இன்னிக்குக் காலையிலதான் வெளிய சொன்னாங்க. அங்க ஏற்கனவே வீடு இருக்கற ஆளுன்னுதானே உங்களையே எடுத்தோம்!"