சுவருக்கு அந்தப் பக்கம் பூத்தது

"அடடா, என்ன அழகு! கண்ணு பட்டுடும்போல இருக்கு."

மனைவி சொன்னது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீட்டில் பூத்திருந்த பூக்களை. இந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு வயிறு எரிந்தது.

அங்கே மரத்தடியில் இம்பேஷன்ஸ் செடிகள் பாய் விரித்ததுபோல் பரவி, சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளின. இவர் வைத்ததும் அதே செடிதான், அதே நர்சரிதான். மூன்றே நாளில் தலை தொங்கிவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இவர் செய்த எதற்கும் அவள் ஒரு 'அடடா' சொன்னதில்லை. அதை வாங்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

"இது வெயில் தாங்காதுங்க. நிழல்ல வைக்கணும்."

"வெயில் இல்லாம எந்தச் செடி வளரும்? நீ சும்மா இரு."

தலை தொங்கினால் தாகம்தானே? வேளைக்கு இரண்டு வாளி ஊற்றினார். நாலாம் நாள் தண்டெல்லாம் கூழாகிச் சாய்ந்தது.

"காத்துலயே இவ்வளவு ஈரம் இருக்கு. மேல்மண்ணு காஞ்சதும் ஊத்தினாப் போதும்..."

"தினமும் பத்துப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறவன் நான். எனக்கே பாடமா?"

மறுபடி வாங்கி வந்தார். இந்த முறை நிழலில் வைத்தார்; தனக்கே தோன்றிய யோசனை என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். ஆனால் உரத்தை அள்ளி அள்ளிப் போட்டதில் செடி தளதளவென்று வளர்ந்ததே தவிர, எங்கு பார்த்தாலும் இலை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடியும் ஒரு மொட்டுகூட அகப்படவில்லை.

மூன்றாம் முறை, நெருக்கி நட்டால் நிறையப் பூக்கும் என்று விரல்கடை இடம்கூட விடாமல் நட்டார். காற்றுப் புக வழியில்லை. இலைக்கடியில் வெள்ளையாய்ப் பூசணம் பிடித்து எல்லாம் உதிர்ந்து, குச்சிகள் மட்டும் நின்றன.

அன்று சாயங்காலமும் அவள் சுவரோரம்தான் நின்றாள். "ரோஸ் கலர்ல புதுசா நாலு பூத்திருக்கு, பாருங்க!" முகமெல்லாம் பெருமை.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு பிடிச்சிருந்தா அங்கேயே போய் இருந்துக்கோ!"

"நெஜமாவா?" என்றாள் அவள், கொஞ்சம் ஆவலாகவே.

அவ்வளவுதான். ராத்திரி சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. அந்த ஊசிநூல்காரனுக்கு அப்படி என்ன கைராசி?

மறுநாள் மானத்தை விட்டுத் தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே தையல்காரர் மெஷினைவிட்டுத் தலை நிமிரவில்லை. ஹூக் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் எழுந்து வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் செடிக்கு என்னம்மா போடறாரு? தயவுசெஞ்சு மறைக்காம சொல்லிடுங்க. என் வீட்டுல மரியாதையே போயிடுச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவருக்குச் செடிக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாது சார். நீங்க வேலைக்குக் கிளம்பினதும் உங்க வீட்டு அக்காதான் தினமும் இங்க வந்து வளக்கறாங்க. அங்க நீங்க தொடவே விடமாட்டேங்கறீங்களாமே!"