சுழி பார்த்து வாங்கிய புல்லாங்குழல்

தான் விற்கும் பொருளை இவ்வளவு கேவலமாகப் பேசி விற்ற மனிதர் சுழித் தரகரைத் தவிர இந்தப் பூமியில் வேறொருவர் பிறந்ததில்லை; இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. கத்தரிக்காய் விற்பவர்கூடச் சொத்தையை அடியில் போட்டுத்தான் கூடையை அடுக்குவார். தரகர் சொத்தையை மேலே வைப்பார். வசதிப்பட்டால் அதற்கு ஒரு பொட்டும் வைப்பார்.

மார்க்கையன்கோட்டைக்காரர். நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன். பல வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். மாட்டின் மேல் முடி சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வதில் பேர் வாங்கியதால் அந்தப் பட்டம். ஒருநாள் சந்தையில், பாட்டுக் குழுவைக் கலைத்துவிட்ட ஒருவர், ஒரு கறவை மாட்டுக்கு ஈடாகத் தன் கீபோர்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தரகர் அதையும் ஒரு மாடாகவே ஏற்றுக்கொண்டார். அதன்பின் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் குழு கலைந்தாலும் அதன் கீபோர்டு அவர் தொழுவத்துக்கு வந்துவிடும். கீபோர்டு மட்டுமா? அதற்குள் ஏற்றி வைத்திருந்த டோன்கள், அதாவது புல்லாங்குழல், வயலின், தவில் என்று ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தமும், தனித்தனியாக விலைக்கு வரும்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நடுத்தர வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு இசை வந்தது. தேனியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் சாத்திய பழைய மெத்தை. சொந்தமாகப் பாட்டுப் போடுவதாகத் திட்டம். கம்ப்யூட்டரில் இலவசமாக வந்த புல்லாங்குழல், குக்கர் விசிலடிப்பதற்கு முன்பு விடுமே ஒரு பெருமூச்சு, அப்படி இருந்தது. நல்லதாகப் புதிதாய் வாங்கலாமென்றால் பசுமாட்டின் விலை சொன்னார்கள்.

இதற்கிடையில் அந்த அறைக்கே ஆபத்து வந்தது. என் மனைவியின் அண்ணன் போடியில் ஏலக்காய் வியாபாரி. அவருடைய கிடங்கு ஒழுகியதால் கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டிருந்தார். மூட்டைகளை வைக்க உலர்ந்த அறை ஒன்று தேவைப்பட்டது. என் மாடியறை நல்ல உலர்ந்த அறை, அதில் உட்கார்ந்திருந்தவனின் கற்பனையைப் போலவே.

"ஏங்க, வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள ஒரே ஒரு பாட்டு முடிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி ரூம்பு அண்ணனுக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள் மனைவி.

அப்படித்தான் நான் தரகரின் தொழுவத்தில் போய் நின்றேன். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி கீபோர்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் ஒயரும் முளைக்குச்சியில் கட்டியிருந்தது. தரகர் ஒன்றை முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத் தொடங்கினார்.

"பல்லுப் பிடிச்சுப் பாருங்க சார். கீழ்வரிசையில ரெண்டு ஆடுது. அதோட இது சண்டி. நாலு பாட்டு நல்லா ஓடும். அஞ்சாவதுல படுத்துக்கிரும். அடிச்சாலும் எந்திரிக்காது."

"இத யாருண்ணே வாங்குவாக?"

"நாலு பாட்டு மட்டும் தெரிஞ்சவுக வாங்குவாக. எம்புட்டுப் பேரு இருக்காக!"

அடுத்து ஒரு வயலின் டோன். அதைத் தொடும்போதே குரலைத் தாழ்த்தினார். "இதுல பெண்டிழந்தான் சுழி இருக்கு. இத வாசிச்ச ரெண்டு பேரு பொண்டாட்டியும் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாக." இதை அன்று மாலை வீட்டில் சொன்னபோது, "அப்ப அதவே வாங்கிட்டு வந்திருக்கலாம்ல, நானும் ஒரு வாரம் நிம்மதியா இருந்திருப்பேன்" என்றாள் மனைவி.

குறையைச் சொல்லி விற்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணத்தில், இவரிடம் வாங்கிய கீபோர்டு, தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தை விட்டுவிட்டுத் தானாகவே ஒரு வெள்ளைக்கார நடன இசையைத் தொடங்கியது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வாசித்ததாகச் சொல்கிறார்கள். வாசித்தவர் நேராகத் தொழுவத்துக்கு வந்து கத்தினார். தரகர் அசையவில்லை. "கூட்டத்தக் கண்டா மெரளும்னு வாங்கும்போதே சொன்னேனா இல்லையா?" சொல்லியிருந்தார். வந்தவர் அடங்கிப்போய், டீ குடித்துவிட்டு, போகும்போது ஒரு தபேலா டோனை வாங்கிக்கொண்டு போனாராம்.

என் புல்லாங்குழல் கடைசியில் வந்தது. தரகர் ஒரு விரலால் கீபோர்டுக் கட்டையைத் தொட்டார். மூச்சு கேட்டது. நிஜமான ஆள் விடுகிற மூச்சு. அவசரமாகப் பையைத் தடவினேன். அவர் தடுத்தார்.

"பொறுங்க. மேல 'ப' சுரத்தத் தொட்டீகன்னா பின்னாடி லேசா பஸ் ஹாரன் கேக்கும். கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜு ரூம்புல பதிஞ்சது. ஊதுனவரும் நிறுத்தல, டிரைவரும் நிறுத்தல."

விலை என் கைக்கு எட்டியது. ஆனால் டோனைப் பதிந்து கொடுக்க நான்தான் பென் டிரைவ் கொண்டுவர வேண்டுமாம். "மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்கிறதில்ல சார். கயித்தோட லச்சுமி போயிரும்." உச்சி வெயிலில் சின்னமனூர் போய் ஒரு கயிறு வாங்கி வந்தேன்.

பதிந்து முடித்ததும் அவர் செய்த காரியம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. புல்லாங்குழலை இன்னொரு தடவை வாசித்துக் கேட்டார். பிறகு அந்தக் கீபோர்டிலிருந்து அதை அழித்துவிட்டார்.

"என்னண்ணே, உங்களுக்குன்னு ஒண்ணு வச்சுக்கலையா?"

"வித்த மாடு ரெண்டு தொழுவத்துல நிக்குமா?"

எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கக்கூடிய பொருளை ஒரே ஒருவருக்கு விற்றுவிட்டு வெறுங்கையோடு நிற்பவரை என்னவென்று சொல்வது? பைத்தியமா, நாணயமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் குடியிருக்க இடமுண்டு என்பது வீரபாண்டி தாண்டும்போது புலப்பட்டது.

வீட்டில் வேலையைத் தொடங்கினேன். ஹாரனுக்குப் பயந்து, மேல் 'ப' வராமலேயே பாட்டுப் போட்டேன். மெட்டு அந்த இடத்துக்கு ஓடிவரும், பள்ளத்தைக் கண்டதுபோல் நிற்கும், திரும்பிப் போகும். பல்லவி முடியவில்லை. திருவிழா வந்துவிட்டது.

கூடவே ஏலக்காயும் வந்தது. வாசலில் மினி லாரி நிற்க, "ஏலே, பாத்துத் தூக்குங்கடா" என்று மச்சானின் குரல் கேட்ட அதே நேரத்தில், கையில் பொரிப் பொட்டலத்தோடு தரகர் படியேறி வந்தார். "திருவிழாவுக்கு வந்தேன் சார். வித்த மாட்ட ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவமேன்னு..."

அவசரமாகப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்த எடத்துல ஏன் நொண்டுது?"

"அங்கன 'ப' வரணும்ணே. ஹாரன் கேக்குமே."

"கேக்கட்டுமே! சுழி இல்லாத மாடு உண்டா? அதுக்காக ஒரு கால மடக்கிக் கட்டிப்புட்டு ஓட்டுவாகளா?"

அதற்குள் மச்சான் மேலே வந்துவிட்டார். "என்ன மாப்ள, பாட்டு முடிஞ்சதா?"

"முடியப் போகுது."

"எப்ப?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். தரகர் மெதுவாக எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். "மொதலாளி, கொஞ்சம் கையக் குடுங்க."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். மச்சான் பரம்பரை வியாபாரி. நீட்டிய துண்டை மறுக்கத் தெரியாதவர். இரண்டு கைகளும் உள்ளே போயின. துண்டு அசைந்தது. மச்சானின் ஒரு புருவம் ஏறியது, இறங்கியது. தரகர் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்ப்பதுபோல் என் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மச்சான் கையை உருவிக்கொண்டு, தங்கையிடம், "ஆத்தா, மூட்டைய எறக்க வேணாம்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது.

"என்னண்ணே பேசுனீக?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்ல சார்" என்று சொல்லிப் பொரியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மனைவி அண்ணனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள், மிரட்டினாள். ஏலக்காய் விலை தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஹாரனை வரவிட்டதும் பாட்டு ஒரே வாரத்தில் முடிந்தது. அதைத் தரகருக்குப் போட்டுக் காட்ட மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். தொழுவத்துக்குப் பத்தடி முன்னாலேயே ஏலக்காய் மணத்தது. உள்ளே ஒரு கீபோர்டுகூட இல்லை. தொட்டிவரை மச்சானின் மூட்டைகள்.

வீட்டு வாசலில் தரகரின் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றார். "வாங்க சார். எங்கன உக்காருவீக? எனக்கே எடமில்ல." அவர் சொன்னதில் மிகையில்லை. கட்டிலில் கீபோர்டு, பிரிட்ஜ் மேல் கீபோர்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சண்டி. மிச்சமிருந்த ஒரு முழ இடத்தில் தரகர் சம்மணம் போட்டிருந்தார்.

"கிடங்குக்கு ஓடு போடுற வரைக்கும்தான சார்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"எனக்காகவாண்ணே?"

"உங்களுக்காகவா? நல்லா இருக்கே கத! அந்தப் புல்லாங்குழலுக்கு நிக்க ஒரு எடம் வேணாமா?"

போனில் பாட்டைப் போட்டேன். ஹாரன் வந்த இடத்தில் மட்டும் தலையாட்டினார். முடிந்ததும் தீர்ப்பு வந்தது: "பாட்டு சுமார். புல்லாங்குழல் எளைக்கல."

கிடங்குக்கு ஓடு வேய்ந்தாயிற்று. மூட்டைகள் போடிக்குப் போய்விட்டன. கீபோர்டுகள் தொழுவத்துக்குத் திரும்பிவிட்டன. நான் இப்போது இரண்டாவது பாட்டுத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு தவில் வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டில் தவில் எந்த இடத்திலும் வராது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கையன்கோட்டைக்குப் போய் வர எனக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.