அக்கா விழவே இல்லை

ஒருவர் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கும் பழைய படத்தின் ரீமேக்குக்கு அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போகக் கூடாது. போனால் இடைவேளை பாப்கார்னோடு விஷயம் முடியாது. பத்திரப் பதிவு அலுவலகம் வரை இழுத்துக்கொண்டு போகும். இது எங்கேயோ படித்ததல்ல, நானே பட்டது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எந்தப் படம் பார்த்தாலும், இதன் பழைய படம் எது, அதில் இந்தக் காட்சி எப்படி இருந்தது, இதில் எப்படிக் கெட்டது என்று பக்கத்தில் இருப்பவர் காதில் ஓதிக்கொண்டே இருப்பேன். (பக்கத்தில் இருப்பவர் எனக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.) சின்னசேலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். நான் மாப்பிள்ளையிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குப் பழைய படம் பிடிக்குமா, ரீமேக்கா?" அவர் கரும்பு விவசாயக் குடும்பம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வெட்டுன கட்டையிலேர்ந்து மறுபடி துளுக்குற கரும்ப மறுதாம்புன்னு சொல்லுவோங்க. அதுல செலவு கம்மி" என்றார். இவ்வளவு பொருத்தமான பதிலைச் சொன்னவரை விடக் கூடாது என்று கட்டிக்கொண்டேன். அவர் வேறு எந்தப் பதிலும் தெரியாமல்தான் அதைச் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது.

கச்சிராயபாளையத்தில் புகுந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தேன். மாமா, அதாவது என் மாமனார், ஒரே ஒரு படத்துக்காகத்தான் டிவி வாங்கியிருந்தார். 'அக்கா எடுத்த ஆரத்தி' என்ற கறுப்பு வெள்ளைப் படம். தாய் தகப்பன் இல்லாத தம்பிகளை, தான் கல்யாணமே செய்துகொள்ளாமல் வளர்க்கும் அக்காவின் கதை. கடைசியில் சின்னத் தம்பி மணக்கோலத்தில் வாசலுக்கு வருவான். அக்கா ஆரத்தித் தட்டை எடுப்பாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் இருமல். தட்டு உருளும், அக்கா விழுவாள், சுபம். (என்ன சுபம் என்று நான் கேட்கவில்லை. புது மருமகள்.)

இந்தப் படத்தின் மேல் மாமாவுக்கு அப்படி ஒரு பக்தி வரக் காரணம், அந்தக் கதை அந்த வீட்டிலேயே நடந்திருந்தது. மாமாவின் அக்கா அஞ்சலை, எனக்கு முறைப்படி பெரியம்மா, கரும்பு வெட்டி, மாடு மேய்த்து, வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு மாமாவையும் அவர் தம்பியான சின்ன மாமாவையும் வளர்த்தவர். "எங்கக்கா மனுசி இல்லம்மா, தெய்வம்" என்று மாமா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தெய்வத்துக்குப் படுக்க, மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

டிவியில் அந்தப் படம் போடும்போது வீடே உட்கார்ந்து அழும். மாமா படத்தைப் பார்ப்பார், அழுவார், பெரியம்மாவைப் பார்ப்பார், இன்னும் அழுவார். பெரியம்மா மட்டும் ஆரத்தித் தட்டு வருவதற்குச் சற்று முன்னால், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். அடக்கமான மனுஷி, தன் தியாகத்தைத் தானே பார்க்கக் கூச்சப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மனித மனத்தைப் படிப்பதில் அப்போது எனக்கு இருந்த திறமை அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் 'ஆரத்தி' என்று பேரைச் சுருக்கி, அந்தப் படத்தை மறுபடி எடுத்து வெளியிட்டார்கள். முன்னோட்டத்தில் ஒரு பெண் கையில் தட்டோடு வாசலில் நிற்கிறாள். பேட்டியில் இயக்குநர், "மூலக்கதையின் ஆன்மாவைத் தொடவே இல்லை" என்றார். (தொடவே இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் இருப்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.) மாமாவிடம் நல்ல பேர் வாங்க இதைவிட்டால் வேறு வாய்ப்பு ஏது?

"மாமா, நம்ம படத்தைக் கலர்ல எடுத்திருக்காங்க. எல்லாரும் போலாங்களா?"

"அதே கதையாம்மா?"

"அதே கதைதாங்க மாமா. ஒரு வரி மாறலை. கேமரா மட்டும் புதுசு."

"அப்ப அக்காவும் வரட்டும். பெரிய திரையில பாக்கட்டும்" என்றார் மாமா.

சின்ன மாமாவிடம் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று இருந்தது. அதன் பின்னால் பாய் விரித்து, மாமா, என் மாமியாரான அத்தை, பெரியம்மா, என் வீட்டுக்காரர், நான் என்று எல்லோரும் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு மதியக் காட்சிக்குப் போனோம். மாமா தோளில் புதுத் துண்டு. அழுவதற்காகவே எடுத்து வந்தது. தியேட்டரில் எனக்கு மாமா பக்கத்து சீட். விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமே!

முதல் அடி முதல் காட்சியிலேயே விழுந்தது. பழைய படத்தில் அக்கா சாணி தெளித்துக்கொண்டு அறிமுகமாவாள். இதில் புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு புல்லட் வந்தது. இறங்கியவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது யாரும்மா?" என்றார் மாமா.

"அக்காதாங்க மாமா."

"எந்தூரு அக்கா?"

பழைய படத்தில் அக்கா தம்பிகளைத் தூங்க வைக்கும் தாலாட்டு ஒன்று உண்டு. மாமாவுக்கு உயிர். இதில் அதே தாலாட்டுக்கு நாற்பது பேர் டிரம்ஸ் அடித்து ஆடினார்கள். "தூங்குற புள்ள இதக் கேட்டா ஜன்னி கண்டு பூடும்மா" என்றார் மாமா. ஆனால் உண்மையான அதிர்ச்சி தம்பிகள். பழைய படத்துத் தம்பிகள் அக்காவின் காலைக் கண்ணீரால் கழுவுகிறவர்கள். இவர்கள் அக்கா உழைப்பில் தின்றுவிட்டு, அவள் வளர்த்த ஆட்டை அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டு, ஊர்க்காரர்களிடம் "எங்கக்கா தெய்வம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்த வசனம் வந்தபோது சின்ன மாமா தேவையே இல்லாமல் இருமினார்.

இடைவேளையில் மாமா எழுந்திருக்கவே இல்லை. பெரியம்மா ஒரு பப்ஸைத் தின்றுவிட்டு, "இன்னொன்னு வாங்கியாடா" என்று என் வீட்டுக்காரரை அனுப்பினார். நான் மாமாவைத் தேற்றினேன். "செகண்ட் ஹாஃப்ல பழைய கதைக்கு வந்துடும் மாமா. ஆரத்தி சீனை மாத்த முடியாது. படத்து பேரே அதுதாங்களே."

அந்தக் காட்சி வந்தது. வாசலில் மாலையோடு சின்னத் தம்பி. அக்கா தட்டோடு வருகிறாள். மாமா துண்டை உதறி மடியில் விரித்துக்கொண்டார். அத்தை மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டார். நான் பெருமையோடு மாமாவைப் பார்த்தேன். 'சொன்னேன் பாத்தீங்களா?'

அக்கா ஒரு சுற்றுச் சுற்றினாள். நிறுத்தினாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மொதல்ல பங்கைப் பிரிங்க. அப்புறம் ஆரத்தி."

தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். எத்தனையோ முறை பார்த்த காட்சி, அதில் விழ வேண்டிய இடத்தில் ஒருத்தி விழாமல் நிற்கிறாள். அவருக்கு என்ன ஆயிற்றோ, திரையைப் பார்த்துக் கையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினார்:

"வுழு அக்கா! கீழ வுழு!"

பின்னாலிருந்து யாரோ, "யோவ், உக்காருய்யா" என்றான். எங்கள் வரிசையில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் பெரியம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பித் தன் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு திரும்பி, மடியிலிருந்த பப்ஸ் தாளைத் தட்டிவிட்டு, மெதுவாகக் கை தட்டத் தொடங்கினார். திரையில் அந்த அக்கா தன் சொந்த வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியெல்லாம் மாமா நனையாத துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஒரே ஒரு முறை, "கெடுத்துட்டானுங்க" என்றார். படத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க மாமா, ஒளிப்பதிவுகூடச் சரியில்லைங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

மறுநாள் காலை. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். பெரியம்மா கொட்டகைப் பக்கமிருந்து வந்து கூடத்தின் நடுவில் நின்றார்.

"வாய்க்கா ஓரமா கீற நெலத்த எனக்குப் பிரிச்சிக் குடுத்துடுங்கடா."

எனக்கு டீ மூக்கு வழியாக வந்தது. அத்தை என்னைப் பார்த்தார். சின்ன மாமா என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டர்கூட என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"மவராசி, நல்ல படத்துக்கு இட்டுகினு போன" என்றார் அத்தை.

"இன்னாக்கா, சினிமாவப் பாத்துட்டு வந்து..." மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஒனக்கு இன்னா கொற வெச்சோம்? சோறு போடல? துணி எடுக்கல?"

"மாட்டுக்கும்தான் போடறீங்க."

"பழைய படத்துல அந்த அக்கா இன்னா கேட்டா? வாயத் தொறந்து ஒன்னு கேட்டாளா?"

"கேக்கல. அதான் செத்துப் பூட்டா" என்றார் பெரியம்மா. "ஒவ்வொரு வாட்டியும் நீங்கல்லாம் குந்திகினு அத வேடிக்க பாக்கறீங்க. எனக்குப் பாக்க முடியாமத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் பூடுவேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, சாட்சி கூப்பிட்டார். "சுமதி, நீயே சொல்லு. அதே கதை, ஒரு வரி மாறலன்னு நீதான சொன்ன?"

வாழ்நாள் முழுவதும் கேட்காமலே கருத்துச் சொன்னவள் நான். ஒருவர் கேட்டபோது வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அதன்பின் மாமா என்னோடு பேசுவதை நிறுத்தினார். சாப்பிட வரமாட்டார். சின்ன மாமா சின்னசேலத்துக்குப் போன் போட்டு, "ஒங்க பொண்ணு எங்க குடும்பத்தப் பிரிச்சிட்டாங்க" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா பதறிப்போய் ஆப்பிளும் திராட்சையுமாகப் பஸ் ஏறி வந்தார். எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், "செகண்ட் ஹாஃப் நல்லாருக்காமே?" என்றார். (வியாதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.) நான் அழுத அழுகையில் அவர் பயந்துபோனார். உண்மையிலேயே எனக்குப் பயம். வாழ வந்த வீட்டில் வருஷம் முடிவதற்குள் பங்கு பிரிய வைத்தவள் என்ற பேரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் கிளம்பிய மாமா மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வயலில் இல்லை, அணைப் பக்கம் இல்லை. கள்ளக்குறிச்சியில் பார்த்ததாக என் வீட்டுக்காரரின் நண்பர் போன் செய்தார். "ஒங்கப்பா தனியா டிக்கெட் எடுத்துகினு உள்ள போறாரு. அந்த 'ஆரத்தி' படத்துக்கு."

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரிடமும் பேசாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். பெரியம்மா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். என்ன நடக்குமோ என்று நானும் அத்தையும் கதவோரம் ஒட்டிக்கொண்டோம்.

"இன்னொரு வாட்டி பாத்தேன்க்கா."

"இன்னாத்துக்கு?"

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தம்பிங்க ரெண்டு பேரும் நம்ம வூட்டு ஆளுங்க மாதிரியே கீறானுங்கக்கா."

பெரியம்மா வைக்கோலை உதறினார்.

"நான் உன்ன வுழுன்னு சொல்லிட்டேனே."

"சினிமாக்காரியத்தானடா சொன்ன."

"தெரிலக்கா" என்றார் மாமா. "யாரச் சொன்னேன்னு எனக்கே தெரில."

அந்தக் கிழட்டு மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் போல் கறுப்பு வெள்ளையிலும் பார்த்ததில்லை, கலரிலும் பார்த்ததில்லை. பக்கத்தில் அத்தை இருந்தும் நான் எதையும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் முறை.

வாய்க்கால் ஓரத்து நிலம் பெரியம்மா பேருக்கு மாறியது. சின்ன மாமா முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். பெரியம்மா கரும்பைத் தூக்கிவிட்டு மரவள்ளி வைத்தார். நிலத்திலேயே ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டார். கல்வராயன் மலையை அடிவாரத்திலிருந்தே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்று, ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் மலைமேல் ஊரான வெள்ளிமலைக்குப் போனார். மேலே போய்ச் சேர்ந்ததும், "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு பஜ்ஜி வாங்கித் தின்றார்.

மாமா என்னோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் நான் வீட்டில் சினிமா என்று வாயெடுத்தால் போதும், "இருக்கற நெலத்துல எது மிச்சம்னு பாத்துட்டு அப்பறம் கெளம்பலாம்மா" என்பார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில்கூட என்னைக் காட்டி, "இதான் எங்க மருமவ. இது ஒரு படம் பாத்துச்சுன்னா ஒரு பத்திரம் பதிவாவும்" என்றுதான் அறிமுகம்.

போன வாரம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாக்கு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். "இன்னொரு பழைய படத்தை ரீமேக் பண்றாங்களாம் மாமா."

மாமா சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினார். "அதுல யாரும்மா பங்கு கேக்கறாங்க?"

"பங்கெல்லாம் இல்லைங்க மாமா. காலம்பூரா புருஷனுக்குப் பொங்கிப் போட்டே தேஞ்சு போற ஒரு பொண்டாட்டியோட கதை."

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"சுமதி, எனக்கும் ஒரு டிக்கெட் போடு."