மூச்சளவைப் பதிவேடு

நித்தியபுரி நாட்டில் ஒரு பச்சைப்பிள்ளையின் ஆயுளுக்கு விலை ஒன்றேகால் படி அரிசி. முதலில் ஒன்றரைப் படி என்றுதான் முரசறைந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாகவே, கால் படியைக் குறைத்துக்கொண்டார்கள். விற்க வந்தவர்கள் முண்டியடித்தால் விலை இறங்கும். இதற்கு அரசநீதி படித்திருக்க வேண்டியதில்லை, ஒரு நாள் சந்தையில் கத்தரிக்காய் விற்றிருந்தால் போதும்.

நோக்கம் உயர்ந்தது, அதில் குறை சொல்ல முடியாது. மாமன்னர் முடிசூடிய வாரத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லோரையும் ஒரு பதிவேட்டில் ஏற்றுவது. ஆண்டுதோறும் அவர்களை அழைத்து அளந்து பார்ப்பது. யார் நோயில் விழுகிறார், யார் நிமிர்ந்து வளர்கிறார், ஏன் என்று கண்டுபிடிப்பது. அதற்காகப் பிள்ளையின் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டு, கழுத்தில் எண் பொறித்த செம்பு வில்லை ஒன்றைக் கட்டினார்கள். தாயின் மடியில் அரிசி விழுந்தது. ஆற்றின் மேல்கரையில் இருநூற்றுப் பத்து, கீழ்கரையில் நானூற்று முப்பது, ஆக அறுநூற்று நாற்பது பிள்ளைகள்.

இரண்டு கரைக்கும் நடுவே இருப்பது ஓர் ஆறுதான். ஆனால் செம்பு உருக்கும் உலைகள் மூன்றும் கீழ்கரையில் இருந்தன. காற்றோ ஆண்டில் பத்து மாதம் மேல்கரையிலிருந்து கீழ்கரைக்கே அடிக்கும். பிள்ளைகளின் கழுத்து வில்லைக்கான செம்பும் அந்த உலைகளில்தான் உருகியது.

ஐந்தாம் ஆண்டு மூச்சளவை வந்தது. ஒரு மூங்கில் குழலுக்குள் பஞ்சுருண்டை வைத்துப் பிள்ளையை ஊதச் சொல்வார்கள். உருண்டை எத்தனை விரற்கடை நகர்கிறதோ அத்தனை மூச்சு. மேல்கரைப் பிள்ளைகள் சராசரி பதினெட்டு விரற்கடை ஊதினார்கள். கீழ்கரைப் பிள்ளைகள் எட்டு.

அரசவையில் குருதிநூல் வித்தகர் அருங்கலைவாணர் எழுந்தார். "மாமன்னா! ஐந்தாண்டு ஆராய்ந்ததில் ஐயம் நீங்கியது. கீழ்கரைக் குருதி பிறப்பிலேயே மெலிந்தது. மெலிந்த குருதிக்கு மெலிந்த மூச்சு."

கீழ்கரை வைத்தியர் கூத்தபிரான் கதவோரம் நின்றபடி கேட்டார்: "உலைப்புகை...?"

பதிவேட்டைக் காக்கும் அமைச்சர் திருமேனிநாதர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். "புகை என்று ஒரு பத்தி இதில் இல்லையே, வைத்தியரே. இல்லாத பத்தியை எப்படிக் கூட்டுவது?"

"கீழ்கரையில் நூற்றெட்டுப் பிள்ளைகள் ஊத வரவே இல்லை, ஐயா. அவர்கள்..."

"வராதோர் என்று குறித்திருக்கிறோம். வராதோரின் மூச்சைச் சராசரியில் சேர்ப்பது வந்தோருக்குச் செய்யும் அநீதி."

அன்றே இரண்டு ஆணைகள் பிறந்தன. மெலிந்த குருதியில் மருந்து பிடிக்காது என்பதால் கீழ்கரை மருந்துச்சாலையின் சரக்கெல்லாம், பிடிக்கும் இடமான மேல்கரைக்கு மாற்றப்பட்டது. ஆராய்ச்சி கலையாதிருக்க, வில்லை கட்டிய பிள்ளை எந்தக் கரையில் பதிவானதோ அந்தக் கரையிலேயே உறங்க வேண்டும். பகலில் போய்வரலாம், படகுத்துறையில் எண்ணைக் காட்டிவிட்டு.

கீழ்கரையில் கரி கொட்டும் வேலை செய்த சூடாமணிக்கு இரண்டாவது ஆணைதான் இடித்தது. அவள் மகள் அல்லி ஆறு விரற்கடைதான் ஊதியிருந்தாள். இரவில் படுத்தால் மூச்சு வராது. உட்கார்ந்தபடியே தூங்கும் பிள்ளை. மேல்கரையில் சமையல் வேலை செய்யும் தன் தங்கை மரகதத்திடம் அவளை அனுப்பிவிட நினைத்திருந்தாள். மரகதத்திடம் ஏற்கெனவே ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. பெயர் ஆம்பல். அதுவும் சூடாமணி பெற்றதே. ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டில் ஒன்றைப் பிள்ளையில்லாத தங்கைக்கு மூன்றாம் நாளே கொடுத்துவிட்டாள். மேல்கரையில் ஆம்பலை எழுபத்தொன்று என்றும் கீழ்கரையில் அல்லியை நானூற்றுப் பதினெட்டு என்றும் தனித்தனியாகப் பதிந்து, இரண்டு கரையிலும் அரிசி வாங்கினார்கள். அரசாங்கத்திடம் அக்கா தங்கை அடித்த ஒரே லாபம் அதுதான்.

ஆம்பல் பத்தொன்பது விரற்கடை ஊதியிருந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட கூத்தபிரான் அவளைத் தேடி வந்தார். "சூடாமணி, இதை அவையில் சொல்லம்மா. ஒரே வயிறு, ஒரே ரத்தம், மூச்சு மட்டும் மூணு பங்கு வித்தியாசம். இதுக்கு அவங்க என்ன பதில் சொல்ல முடியும்?"

"எனக்கு அவங்க பதிலு வேண்டாம் சாமி. எம்புள்ளைய அக்கரைக்கு விட்டாப் போதும்."

இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அவைக்குப் போனாள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். ஒன்றுக்கு மட்டும் கழுத்தெலும்பு துருத்தி நின்றது. அருங்கலைவாணர் நெடுநேரம் பேசவில்லை. ஒரு வித்தகர் நெடுநேரம் பேசாமல் இருந்தது அந்த அவையில் முதல் தடவை.

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, உன் வேண்டுகோள்?"

"இவளை அவளோட சேத்து இருக்க விடுங்க, சாமி."

"அதெப்படி? இப்போதுதான் நீ இந்நாட்டுக்கு ஓர் அரிய சான்றைக் கொண்டுவந்திருக்கிறாய். சான்றை இடம் மாற்றலாமா? இன்னும் ஓராண்டு இவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மறுபடி ஊதட்டும். அப்போதும் வித்தியாசம் நின்றால் குற்றம் குருதியில் இல்லை, இடத்தில்தான் என்று நானே எழுதி ஒப்பமிடுகிறேன். உலைகள் மூன்றும் அணையும்."

மாமன்னர் தலையசைத்தார். அவர் தலையசைப்பில் எப்போதும் ஒரு நியாயம் இருப்பது போலவே தெரியும்.

சேதி கீழ்கரைக்கு அவளுக்கு முன்பே போய்விட்டது. பக்கத்து வீட்டுக் காத்தாயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் வில்லை கட்டிய மகன் ஒருவன், ஏழு விரற்கடை.

"சூடாமணி, உங்காலைக் கழுவிக் குடிக்கிறேன். ஒரு வருசம் பல்லைக் கடிச்சிக்க. உலை அணைஞ்சா எங்க புள்ளைங்க அத்தனையும் பொழைக்கும்."

"ஒரு வருசம் உம்மவனுக்கு இருக்கும்டி. எம்மவளுக்கு இல்ல."

"வைத்தியரு ஏதாச்சும் பாப்பாரு."

"எதை வச்சுப் பாப்பாரு? மருந்துதான் அக்கரைக்குப் போயிருச்சே."

காத்தாயி அக்கரைப் பக்கம் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, "ஒண்ணு போனாலும் உனக்கு அங்கே ஒண்ணு இருக்குல்ல" என்றாள். சொன்ன மறுகணமே வாயில் அடித்துக்கொண்டாள்.

பௌர்ணமியன்று படகுத்துறைச் சந்தைக்கு மரகதம் ஆம்பலோடு வந்தாள். வெற்றிலைக் கடைக்குப் பின்னால் வைத்து சூடாமணி விஷயத்தைச் சொன்னாள். வில்லையை மாற்றிக் கட்டிவிடுவது. அல்லி அக்கரைக்குப் போவாள், ஆம்பல் இங்கே இருப்பாள். அமாவாசைக்கு மறுபடி மாற்றுவது. பதினைந்து நாளைக்கு ஒருத்தி.

மரகதம் ஆம்பலை இறுக்கிக்கொண்டாள். "அக்கா, நான் வளத்த புள்ள. அந்தப் புகையில கிடந்தா இவளும் இருமுவா."

"இருமுவா. சாகமாட்டா."

"வைத்தியரு எவ்வளவு நம்பிக் கெடக்காரு. ஊரே உன்னைப் பாத்துக் கெடக்கு."

"தெரியும்டி." சூடாமணி அல்லியின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். "ஊருக்குச் சான்று வேணும். எனக்குப் புள்ள வேணும். ரெண்டும் ஒரே தட்டுல நிக்கல, நான் என்ன செய்ய?"

துறைக் காவலன் முகத்தைப் பார்ப்பவன் இல்லை, செம்பைப் பார்ப்பவன். எழுபத்தொன்று வந்தது, எழுபத்தொன்று போனது. ஓராண்டு முழுக்க அவன் ஏட்டில் ஒரு பிழை கிடையாது.

முதல் மூன்று மாதத்தில் அல்லி படுத்துத் தூங்கப் பழகினாள். ஆறாம் மாதம் ஆம்பல் படியேறும்போது நின்று நின்று ஏறினாள். மரகதம் அதை அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா அதைக் கேட்கவும் இல்லை.

ஆறாம் ஆண்டு மூச்சளவை நாளில் மாமன்னரே வந்து அமர்ந்தார். மேல்கரையில் வந்தோர் இருநூற்றெட்டு; போன ஆண்டும் அதே. கீழ்கரையில் வந்தோர் இருநூற்று எண்பத்தொன்று. போன ஆண்டைவிட நாற்பத்தொன்று குறைவு. காத்தாயி வந்திருந்தாள், கையில் யாரையும் பிடிக்காமல்.

முதலில் எழுபத்தொன்று ஊதியது. பதினொரு விரற்கடை. அடுத்து நானூற்றுப் பதினெட்டு. பஞ்சுருண்டை தயங்கித் தயங்கி நகர்ந்து பதினொன்றில் நின்றது.

கூத்தபிரான் குழலை வாங்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். பதினொன்றும் பதினொன்றும்.

அருங்கலைவாணரின் குரல் திரும்பி வந்தது. "மாமன்னா! வெவ்வேறு கரை, வெவ்வேறு காற்று, வெவ்வேறு தண்ணீர். ஆனால் மூச்சு ஒன்று! ஒரே குருதி என்பதால் ஒரே மூச்சு. இதைவிடத் துல்லியமாக இயற்கை பேச முடியுமா?"

"போன வருஷ அளவை?" என்றார் கூத்தபிரான்.

"அளந்தவனின் பிழை. அவனை வேலையிலிருந்து நீக்குகிறோம்," என்றார் அமைச்சர். "மேலும், கீழ்கரைச் சராசரி எட்டிலிருந்து ஒன்பதாக உயர்ந்திருக்கிறது. இது அரசின் சாதனை." ஆறு, ஏழு ஊதியவர்களில் பாதிப் பேர் வராதபோது சராசரி உயராமல் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் பதிவேட்டை முடித்துப் படித்தார்: "வந்தோர் நானூற்று எண்பத்தொன்பது. வராதோர் நூற்றைம்பத்தொன்று. ஆக அறுநூற்று நாற்பது. கணக்கு நேர்."

இடம் குற்றமற்றது என்று நிறுவப்பட்டதால், கீழ்கரையில் நான்காவது உலைக்கு அங்கேயே கால்கோள் நடந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கூத்தபிரான் பிள்ளைகளிடம் வந்தார். இருவர் கழுத்தையும் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். அப்புறம் சூடாமணியைப் பார்த்தார்.

"இதுல அல்லி யாரும்மா?"

அவள் ஒரு பிள்ளையின் தலையில் கை வைத்தாள். "கோவமா சாமி?"

அவர் மடியிலிருந்த தன் சின்ன ஏட்டைப் பிரித்து எழுதத் தொடங்கினார். பத்தொன்பதும் ஆறும் இருபத்தைந்து. பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு. குறைவு, மூன்று விரற்கடை. இருப்பு, பிள்ளைகள் இரண்டு.

அதற்குக் கீழே நாற்பத்தொன்று என்று எழுதினார். கொஞ்ச தூரத்தில் காத்தாயி இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தொன்றுக்கு எதிரே எவர் பெயரை எழுதுவது என்று அவர் யோசித்தார். உலையின் பெயரா, வித்தகரின் பெயரா, மாமன்னரின் பெயரா, இந்தத் தாயின் பெயரா? மை காய்ந்துவிட்டது. அந்த வரி இன்றுவரை பாக்கி.